இணைப்பு தெரியாத மோதிரம்

ஜனவரி 12

அன்புள்ள ராங்கிக்கு,

அப்பா எழுதுவது. இனிமேல் என் போனை எடுக்க மாட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். "போன்ல பேசினா கத்துறார். எழுதச் சொல்லுங்க. தாள்ல கத்த முடியாது" என்றாயாமே. முடியாது என்று யார் சொன்னது? இந்தத் தாளைத் திருப்பித் தடவிப் பார். நான் பேனாவை அழுத்துகிற அழுத்தில் அடுத்த நாலு தாளிலும் எழுத்து பதிந்திருக்கிறது. அதுவும் கத்தல்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நாற்காலி போட்டு, தலைக்கு மேலே மின்விசிறியும் போட்டுக் கொடுத்த வேலையை விட்டுவிட்டு, ஏதோ ஒரு ஊரில் நகைப் பட்டறையில் சேரப் போகிறேன் என்று போன வருஷம் நீ பெட்டியைத் தூக்கினாய். அன்றைக்கு நான் சொன்னது நினைவிருக்கிறது. "முப்பது வருஷமா இரும்பை ஒட்ட வைக்கிறவன் நான். துக்கடா கம்பியை வளைச்சு ஒட்டுறதுக்கு ஒரு படிப்பா? ஒரே மாசத்துல நானே செஞ்சு காட்டுறேன், பார்." நீ செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னதும் நினைவிருக்கிறது. "காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். ("வேற எதையும் காப்பாத்தல" என்று உன் அம்மா முதுகுக்குப் பின்னால் நின்று சொல்கிறாள்.) நகை செய்யப் பழகும் ஆரம்ப வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமை மதியம், பள்ளிக்கூடத்து ஓவிய அறையில். ஆறு பேர். எல்லாருக்கும் சின்னப் பிள்ளைகள் உட்காரும் முக்காலி. என் பாரத்துக்கு அது அழுகிறது. பக்கத்து மேஜையில் ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர். அவர் கை ஊசி முனையில் நடனமாடுகிறது. சொல்லித் தரும் டீச்சர் உன்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள்.

முதல் நாள் செப்புத் தகடு அறுக்கும் வேலை. ரம்பம் என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். தலைமுடியில் பல் முளைத்த மாதிரி இருந்தது. மாலைக்குள் பதினொன்றை உடைத்தேன். டீச்சர் வந்து நின்றாள். "சார், நீங்க அறுக்காதீங்க. கையை மேலயும் கீழயும் ஆட்டுங்க போதும், அது தானா அறுக்கும்." வேலை செய்யாதே என்று ஒருவர் கெஞ்சியும் அதைக்கூட என்னால் சரியாகச் செய்ய முடியாமல் போனது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

இப்போது பந்தயம். ஒரு வெள்ளி மோதிரம். கல் இல்லை, பூ இல்லை, வெறும் வளையம். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் இணைப்பு எங்கே என்று உனக்குத் தெரியக் கூடாது. தெரியவில்லை என்றால் இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று ஆகிறது. நீ வீடு வந்து சேர வேண்டும். ஆபீஸில் உன் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். தெரிந்தது என்றால், திரும்பி வா என்று இந்த வாய் இனிமேல் சொல்லாது.

சம்மதமா? பயமாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு.

உன் அப்பன்


ஜனவரி 21

அப்பாவுக்கு,

சம்மதம். பயம் எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்து முக்காலிக்குத்தான் இருக்கும்.

ஒரு மாதம் என்று வீரம் பேசினீர்கள். இரக்கப்பட்டு, உங்கள் கடிதத் தேதியிலிருந்து மூன்று மாதம் தருகிறேன். பல் டாக்டர் கை படக் கூடாது. டீச்சர் வாயால் சொல்லலாம், தொடக் கூடாது. முடிந்ததும் தபாலில் அனுப்புங்கள். எந்தச் சலுகையும் கிடையாது. முதலாளிக்கு வரும் சரக்கை எப்படிப் பார்ப்பேனோ அப்படித்தான் பார்ப்பேன்.

பதினொன்று எனக்குக் குறைவாகத் தெரிகிறது. என் முதல் நாள் கணக்கை நான் உங்களுக்குச் சொல்வதாக இல்லை.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. வேலை நிறைய. கையில் புதுத் தீக்காயம் ஒன்றுகூட இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

ராங்கி


பிப்ரவரி 9

ராங்கிக்கு,

சிரிக்கக் கூடாது என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படி.

நேற்று பற்றவைக்கும் பாடம். நம்ம ஏரியா, நம்ம ஆட்டம் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு போனேன். போகும்போது என் வெல்டிங் முகமூடியையும் எடுத்துப் போயிருந்தேன். மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் அறையே திரும்பிப் பார்த்தது. டீச்சர் மெதுவாக, "சார், அதுக்குள்ள இருந்து ஏதாவது தெரியுதா?" என்றாள். தெரியவில்லைதான். இரும்புக்கு ஏற்றுகிற சூரியன் எங்கே, இந்த மெழுகுவர்த்திச் சுடர் எங்கே. அவளோ ஜன்னலை வேறு சாத்துகிறாள். அரை இருட்டில்தான் வெள்ளி சிவக்கிற நிறம் தெரியுமாம்.

மூன்று வாரம் அறுத்து, அரத்தால் தேய்த்து, வளைத்து, இரண்டு முனையும் முட்டுகிற மாதிரி கொண்டு வந்திருந்தேன். இணைப்பில் வெண்காரம் தடவி, எள்ளில் பாதி அளவுக்குப் பொடி, அதாவது உருகி ஓடி ஒட்ட வைக்கிற உலோகத் துணுக்கு, வைத்தேன். பொடி வைத்துப் பேசுவது உன் அம்மா. பொடி வைத்து ஊதுவது இனி நான் என்று பல் டாக்டரிடம் ஜோக் வேறு அடித்தேன். அடித்துவிட்டு, முப்பது வருஷப் பழக்கத்தில் சுடரைக் கொண்டுபோய் நேராக இணைப்பின் மேலேயே வைத்தேன்.

"சார், அங்க இல்ல, சுத்திலும்..." என்று டீச்சர் சொல்லி முடிக்கவில்லை. மோதிரம் ஒரு தடவை கண் சிமிட்டியது. அப்புறம் மோதிரம் இல்லை. கரிக்கட்டி மேல் ஒரு மிளகு உருண்டுகொண்டிருந்தது. வெள்ளி மிளகு.

இரும்பு நல்லவன். உருகுவதற்கு முன்னால் நாலு தடவை சொல்லிவிட்டுத்தான் உருகுவான். இந்த வெள்ளி உன்னை மாதிரி. ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைத் தூக்கிவிடுகிறது.

பொடி பாதி உருகி ஒரு பக்கமாக ஓடிப்போகிறதே, அது ஏன்? எதிரியிடம் கேட்கிறேன் என்று நினைக்காதே. உனக்குத் தெரிகிறதா என்று சோதிக்கிறேன்.

உன் அப்பன்


பிப்ரவரி 17

அப்பா,

சத்தியத்தை மீறிவிட்டேன். முகமூடி என்ற இடத்திலேயே மீறிவிட்டேன். பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டி, "என்னாச்சு, அழறியா?" என்று கேட்டாள்.

பொடி சூடு எங்கே அதிகமோ அங்கே ஓடும். ஒரு முனை சிவந்து மறு முனை சிவக்காமல் இருந்தால் சிவந்த பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் இணைப்பை மறந்துவிடுங்கள். மோதிரம் முழுவதையும் சூடாக்குங்கள். சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருங்கள். முதலில் வெண்காரம் பொரியும், வெளுக்கும், அப்புறம் கண்ணாடி மாதிரி ஆகும். அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். பளிச்சென்று ஒரு கோடு ஓடும். ஓடின கணமே சுடரை எடுத்துவிட வேண்டும். அந்தக் கோடு ஓடுகிறதே, அதைப் பார்ப்பதற்காகத்தான் அப்பா நான்...

சரி, விடுங்கள். முனைகள் முட்டுகிற இடத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் திரும்ப அரத்தை எடுங்கள். பொடி பள்ளத்தை நிரப்பாது.

எதிரிக்கு இதற்கு மேல் சொல்வதற்கில்லை.

ராங்கி


மார்ச் 9

ராங்கிக்கு,

வகுப்பிலிருந்து என்னை இன்னும் துரத்தவில்லை. துரத்தியிருந்தால் நியாயம்தான்.

பற்றவைத்த பிறகு கறுப்பு போவதற்காக அமிலத் தண்ணீரில் போடுகிறோம் இல்லையா. எல்லாருக்கும் ஒரே பாத்திரம். உள்ளே ஆறு பேருடைய வெள்ளியும் வாரக்கணக்காக ஊறின செம்பும். எடுப்பதற்கு மர இடுக்கி பக்கத்தில் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை, பல் குத்துகிற குச்சி மாதிரி இருந்தது. என் பையிலிருந்து என்னுடைய இரும்புக் குறட்டை எடுத்து உள்ளே விட்டேன்.

அவ்வளவுதான். பாத்திரத்தில் இருந்த வெள்ளி எல்லாம் கண் முன்னால் செம்பு நிறத்துக்கு மாறியது. பல் டாக்டர் பேத்திக்காக ஒரு மாதம் உட்கார்ந்து செய்த தோடு, வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்து கிடந்தது. அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நாற்பது வருஷம் பல்லு பிடுங்கினேன். இவ்வளவு சிவப்பை நான் பார்த்ததில்ல" என்றார். இரும்பு உள்ளே போனால் செம்பு போய் வெள்ளிமேல் உட்கார்ந்துவிடுமாம். போர்டில் முதல் நாளே பெரிதாக எழுதிப்போட்டிருக்கிறாள். அன்றைக்கு நான் ரம்பம் உடைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

மூன்று சனிக்கிழமை ஆறு பேருடைய பொருளையும் நான்தான் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்தேன். விரல் நுனியில் தோல் இல்லை. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சார், கடைவாய்ப் பக்கம்" என்று மேற்பார்வை பார்த்தார்.

ஒன்று சொல்கிறேன், பந்தயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேய்த்துக்கொண்டிருந்தபோது நினைத்தேன். நீ சமையல் மேடையில் கம்பியை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் டிவி சத்தத்தை ஏற்றுவேன். தட்டுகிற சத்தம் தொந்தரவு என்பேன். நாளெல்லாம் சம்மட்டி அடிக்கிறவன் வீட்டில் அந்தச் சத்தமா தொந்தரவு? என் கண்ணும் கையும் போன மாதிரி உன்னுடையதும் போகும் என்று பயம். அதைச் சொல்லத் தெரியாமல் டிவியை ஏற்றினேன்.

பந்தயம் அப்படியே இருக்கிறது. ஏமாந்துவிடாதே.

உன் அப்பன்


ஏப்ரல் 10

ராங்கிக்கு,

கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் அனுப்புகிறேன். நாலாவது மோதிரம். முதல் மூன்றும் மிளகு, மிளகு, வெந்தயம்.

நீ சொன்ன கோடு ஓடியது. பார்த்துவிட்டேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் என் கட்சி பலவீனமாகிவிடும்.

இணைப்பு எங்கே என்று கண்டுபிடி பார்க்கலாம். உன்னால் முடியாது. மூட்டை கட்டத் தயாராக இரு.

உன் அப்பன்


ஏப்ரல் 18

அப்பா,

மோதிரம் வந்து சேர்ந்தது. பார்த்தேன். இணைப்பு தெரியவில்லை.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். மாதக் கடைசியில் வருகிறேன். ஆபீஸில் சொல்லி வையுங்கள்.

அம்மாவிடம் என் அறையில் இருக்கும் துணி மூட்டையை மட்டும் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

மகள்


ஏப்ரல் 22

என்ன நடந்தது?

அந்த மோதிரத்தில் இணைப்பு எப்படித் தெரிகிறது என்றால், நம் தெருவில் தண்ணீர்க் குழாய் தோண்டி மூடின இடம் மாதிரித் தெரிகிறது. நடுவில் ஒரு பொத்தல். உள்பக்கம் பொடி வழிந்து மெழுகு மாதிரி நிற்கிறது. "இதை அனுப்பாதீங்க சார், பொண்ணு முன்னாடி மானம் போயிடும்" என்று டீச்சர் தலைதலையாக அடித்துக்கொண்டாள். உன்னிடம் நாலு திட்டு வாங்கலாம், அந்தச் சாக்கில் அடுத்ததை எப்படிச் செய்வது என்று தெரிந்துகொள்ளலாம் என்றுதான் அனுப்பினேன். பந்தயத்தில் தோற்கத்தான் அனுப்பினேன் என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தை உன் அம்மாவிடம் காட்டினேன். ஜெயித்துவிட்டேனாம் என்றேன். அவள் மோதிரத்தைத் தபாலில் போடுவதற்கு முன் கண்ணாடி இல்லாமலே பார்த்தவள். "அவ பொய் சொல்றா. கீழே கையெழுத்தைப் பாருங்க, மகள்னு போட்டிருக்கா. இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று உட்கார்ந்துவிட்டாள்.

தொழில் தெரிந்தவள் நீ. கண்ணெதிரே இருக்கிற பொத்தலை இல்லை என்று எழுத உன் கை எப்படி வந்தது? ஆபீஸில் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. முதலில் நீ உண்மையைச் சொல்.

அப்பா


ஏப்ரல் 29

அப்பாவுக்கு,

டிசம்பர் கடைசியிலிருந்து நான் பட்டறையில் இல்லை. அதாவது, அதே கட்டிடத்தில்தான் இருக்கிறேன். முன்பக்கம், கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில். நகை வாங்கினவர்களுக்குப் பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டிக் கொடுக்கிறேன்.

பற்றவைக்கும் மேஜையில் எனக்கு இருந்த இடம் புதிதாக வந்த ஒருவனுக்குப் போய்விட்டது. ஏன் என்று முதலாளியிடம் கேட்டேன். "நீ நல்லா பேசுற, சிரிச்ச முகமா இருக்கே. உனக்கு எதுக்கும்மா நெருப்பு? வர்றவங்க உன்னைப் பார்த்தா நாலு பொருள் கூட வாங்குவாங்க" என்றார். என் வேலையில் என்ன குறை என்றேன். பின்னால் நின்ற மேஸ்திரி, "குறைன்னு இல்ல. பொண்ணு கை. நெருப்புக்கு நிக்காது" என்றார். நான் பற்றவைத்த சங்கிலி அன்றைக்கு அவர் முன்னால்தான் தராசில் கிடந்தது. அதில் ஒரு கண்ணிகூட விடவில்லை.

ஜனவரியில் தீக்காயம் இல்லை என்று எழுதினேனே, அதற்கு இதுதான் காரணம்.

உங்களிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால், "நான் அப்பவே சொன்னேன்" என்பீர்கள். சொல்லாமலிருந்தால், உங்கள் கடிதங்களில் மட்டுமாவது பட்டறைக்காரியாக இருக்கலாம். வெண்காரம் எப்படிப் பொரியும் என்று உங்களுக்கு எழுதின அன்று, அதைக் கண்ணால் பார்த்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

உங்கள் மோதிரத்தின் பொத்தலைப் பெட்டியைத் திறந்ததுமே பார்த்துவிட்டேன். நீங்கள் ஜெயித்தீர்கள் என்று வீட்டுக்கு வந்தால், தோற்று வந்தேன் என்று யாருக்கும் தெரியாமல் போகும் என்று நினைத்தேன். களைத்துவிட்டேன் அப்பா.

ராங்கி


மே 3

ராங்கிக்கு,

வராதே.

படித்ததும் அடுத்த வண்டியைப் பிடித்து வந்து அந்த மேஸ்திரியின் கையைக் கொஞ்சம் நெருப்பில் காட்டலாம் என்றுதான் கிளம்பினேன். சட்டை பட்டன்கூடப் போட்டுவிட்டேன். உன் அம்மா வாசலை மறித்து நின்றாள். "இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு. அவ சண்டையை நீங்க போய்ப் போட்டா அந்த ஆள் சொன்னது சரின்னு ஆயிடும். உட்காருங்க." உட்கார்ந்தேன். அதனால் இந்தக் கடிதம்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று நான் சொல்லப் போவதில்லை. நான் அப்போது சொன்னது தப்பு. துக்கடா கம்பி என்றேன். நாலு மாதம், நாலு மோதிரம், ஒரு பொத்தல். அந்த மேஸ்திரி சொன்னதும் நான் சொன்னதும் ஒரே சரக்கு. அவன் உன் கையைக் குறை சொன்னான், நான் உன் வேலையையே குறை சொன்னேன். அவனைத் திட்டுகிற ஒவ்வொரு வார்த்தையிலும் பாதி என் மேல் விழுகிறது, அதனால் கொஞ்சம் குறைத்தே திட்டுகிறேன்.

ஆனால் ஒன்று. நீ பந்தயத்தில் பொய் சொன்னாய். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு இந்த வீட்டு வாசலை மிதிக்க விடமாட்டேன். சாப்பிட வா, தூங்க வா, உன் அம்மாவோடு சேர்ந்து என்னை நாலு நாள் கிண்டல் பண்ண வா. தோற்றுப்போனவளாக வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். ஆபீஸ் நாற்காலிக்கு ஆள் வந்துவிட்டது. நேரில் போய், என் பெண் வரமாட்டாள், வேறு ஆளைப் போடுங்கள் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன்.

அங்கே என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அது உன் பட்டறை. ரிப்பன் கட்டுவதை மட்டும் இன்றோடு நிறுத்து.

உன் அப்பன்


மே 19

அப்பாவுக்கு,

நாற்காலியை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று படித்ததும் உங்கள் மேல் பயங்கரக் கோபம் வந்தது. என்னைக் கேட்காமல் எனக்காக முடிவு எடுப்பதை நீங்கள் இன்னும் விடவில்லை. அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் காலையில் வேலைக்குப் போனேன்.

யாரும் வருவதற்கு முன்னால் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். என் சொந்த வெள்ளியில் ஒரு மோதிரத்துக்குத் தகடு வெட்டி, வளைத்து, முனை சேர்த்தேன். புதியவன் வந்தான், ஓரமாக நின்றான், பாவம். மேஸ்திரி வந்தார். "எழுந்திரும்மா, முன்னாடி ஆள் நிக்கிறாங்க" என்றார். "ரிப்பன் அங்கேயே இருக்கு. யார் வேணும்னாலும் கட்டலாம்" என்றேன். முதலாளி வந்தார். "எழுந்திருக்கலேன்னா இன்னிக்கே கணக்கு முடிச்சிடுவேன்" என்றார். "முடிங்க சார். இதைப் பத்தவெச்சிட்டு எழுந்திருக்கிறேன். பாதியில விட முடியாது" என்று சுடரை ஏற்றினேன். ஆறு பேர் பின்னால் நின்று பார்த்தார்கள். ஆறவைத்து, வெளுக்கவைத்து, தேய்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கொண்டுபோய் மேஸ்திரி கையில் வைத்தேன். "இணைப்பைக் காட்டுங்க" என்றேன். பூதக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு தடவை சுற்றினார். திருப்பிக் கொடுத்தார். இணைப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. முதலாளி சொன்னபடி கணக்கை முடித்துவிட்டார்.

இப்போது ஒரு கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையின் பின் அறையில் எனக்கு ஒரு மேஜை கிடைத்திருக்கிறது. அகலம் குறைவு, வெளிச்சம் நல்லது. அறுந்த சங்கிலி, கழன்ற கொக்கி எல்லாம் வருகிறது. நேற்று மூன்று பற்றவைத்தேன். இடது கட்டைவிரலில் ஒரு சின்னக் கொப்புளம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இனி உங்கள் மோதிரம். முறைப்படி பார்த்தேன். பொத்தல் ஒன்று, நீங்களே ஒப்புக்கொண்டது. முனைகள் நேராக முட்டவில்லை, அரத்தைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். வளையம் வட்டமாக இல்லை, முட்டை. உள்பக்கம் ஒரு பெரிய கீறல்; அது உங்கள் இரும்புக் குறட்டின் பல், மறைக்க வேண்டாம். ஒரே ஒரு நல்ல விஷயம்: இணைப்பின் வலது பக்கம் ஒரு எள்ளளவுக்குப் பொடி சுத்தமாக ஓடியிருக்கிறது. அந்த எள்ளளவு அசல் வேலை.

தீர்ப்பு: தோல்வி. இணைப்பு தெரிகிறது.

ராங்கி


மே 26

ராங்கிக்கு,

தீர்ப்பை ஏற்க முடியாது. முட்டை வடிவத்துக்குக் காரணம் பள்ளிக்கூடத்து மேஜை, அது ஒரு பக்கம் சாய்வு. கீறலுக்கு மட்டும் நான் பொறுப்பு.

உன் கடிதத்தை வகுப்பில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். "மேஸ்திரி கையில் வைத்தேன்" என்ற இடத்தில் பல் டாக்டர் மேஜையைத் தட்டிய தட்டில் ஆறு பேருடைய பொடியும் தரையில் பறந்தது. மாலை வரை எல்லாரும் மண்டியிட்டுத் தேடினோம். டீச்சர் அந்தப் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கி, இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மூணு மாசம் முடிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்கு வகுப்பு?" என்று உன் அம்மா கேட்டாள். பந்தயம் இன்னும் முடியவில்லை என்றேன். நேற்று ஐந்தாவது மோதிரத்துக்கு வெள்ளி வெட்டிவிட்டேன். ஆறாவது, ஏழாவது என்று போய்க்கொண்டே இருக்கும். கெடுவை நீட்டுவதற்கு உன் சம்மதம் தேவையில்லை; நான் கேட்காமல் முடிவு எடுக்கிறவன் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

நான் ஜெயிக்கிறவரைக்கும் நீ அந்த மேஜையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. என் கையைப் பற்றி உனக்குத் தெரியும். நான் இப்போதைக்கு ஜெயிக்கப் போவதாக இல்லை.

உன் அப்பன்